குடை பிடித்த கை

ஓவியர் பால் எல்லூ புல்தரையில் குனிந்து, தூரிகையும் கையுமாகக் கித்தானிலேயே கண்ணாக இருக்கிறார். ஒட்டினாற்போல் மனைவி ஆலிஸ். அவர் பார்வை படத்தில் இல்லை. எங்கோ தாழ்ந்து கிடக்கிறது. பின்னால் குறுக்காக ஒரு சிவப்புப் படகு. ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1889-இல் இங்கிலாந்தில் தீட்டிய இந்தத் தைல ஓவியம் இப்போது நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெட்டவெளியில் உட்கார்ந்து வரைவதன் பெருமையும் குறையும் இதில் சேர்ந்தே தெரிகின்றன.

பெருமை, வெளிச்சம். 1841-இல் ஜான் ராண்ட் தகரக் குழாயில் வண்ணம் அடைக்க வழி கண்டபின், ஆற்றங்கரைக்கு வண்ணம் சுமப்பது எளிதாயிற்று. அறைக்குள் நினைவிலிருந்து எழுதும் புல் ஒரே பச்சை. கண்ணெதிரே உள்ள புல்லில் மஞ்சளும் பழுப்பும் நீலமும் உண்டு. சார்ஜென்டின் புல் வேகமான நீண்ட கீற்றுகள். காற்று கடந்துபோனது தெரிகிறது.

குறையை நேரில் கண்டது தாமல் ஏரிக்கரையில். அங்கே நீர்வண்ணம் எழுத வந்த நண்பருடன் ஒரு காலை முழுக்க இருந்தேன். பத்து மணிக்கெல்லாம் வண்ணம் பரவுமுன் தாளிலேயே காய்ந்தது. நேர்வெயிலில் தாள் கண்ணைக் கூசவைக்கும். கை தானாக அடர்த்தியாகப் பூசிவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும். அதற்காகக் குடை, அதுவும் கறுப்புக் குடை. வண்ணக் குடையென்றால் அதன் சாயல் தாளில் விழுந்து ஏமாற்றும். பிடித்திருந்தவர் நண்பரின் மனைவி. நிழல் நகர நகர, யாரும் சொல்லாமலே கை மாற்றிக்கொண்டார். படத்தில் ஏரி வந்தது, மதகு வந்தது, பனை வந்தது. அவர் வரவில்லை.

வெட்டவெளியில் வரையும் வழக்கத்தின் பெரிய குறை இதுதான். வெளிச்சத்துக்கு உண்மையாக இருக்கும் கண், கூட இருப்பவரைப் பார்க்காமல் போகிறது. பக்கத்துக் காஞ்சிபுரத்தில் கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மரபுத் தறியில் இரண்டு பேர் வேண்டும். கரைக்கு நாடா தள்ள ஆளில்லாவிட்டால் நெசவு நகராது. அந்த இரண்டாவது கையின் அருமை தெரிந்த மண்ணில் இப்படி மறப்பது எனக்கு வலிக்கிறது.

சார்ஜென்டும் முழுக்கத் தப்பவில்லை. புல்மேலும் படகுமேலும் வைத்த ஆசை ஆலிஸின் மனசுக்குள் போகவில்லை. அந்தச் சலிப்பும் ஓர் அழகாகவே நின்றுவிடுகிறது. ஆனாலும் ஆலிஸை ஒதுக்கவில்லை. கணவரின் முனைப்பும் மனைவியின் காத்திருப்பும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன.

நண்பரிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் ஆலிஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை தாமலுக்குப் போகும்போது குடையை நான் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.