இரண்டு வினையடைகள்

‘இன்ஸிடியஸ்லி’ என்ற ஆங்கில வினையடைக்குச் சீன மாணவனின் அகராதி ‘யின்சியன்’ என்று பொருள் தருகிறது. இருளும் அபாயமும் சேர்ந்த சொல். இந்தச் சமன்பாட்டை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. யின்சியன் பெரும்பாலும் மனித சுபாவத்தைக் குறிப்பது. சிரிப்புக்குள் கத்தி வைத்திருந்தவர் என்று பழிக்கப்பட்ட 7ஆம் நூற்றாண்டு தாங் வம்ச அமைச்சர் லீ யீஃபூவுக்குப் பொருந்தும், நோய்க்குப் பொருந்தாது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரிலும் பதுங்கித் தாக்குகிறவன் ஒருவன் இருந்தான். இன்று அவன் இல்லாமலே, வலியின்றி வளரும் நோயை அச்சொல் சொல்லிவிடுகிறது.

‘ட்ரெச்சரஸ்லி’யும் அப்படித்தான். நண்பனைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் காலை வாரிவிடும் பனிச்சாலைக்கும் ஒரே சொல். அகராதி இதற்குத் தரும் நான்கெழுத்துச் சீனத் தொடரோ நம்பிக்கைக்கு முதுகு காட்டி, அறத்தைக் கைவிடுவதைச் சொல்கிறது. பனி யாருக்கு வாக்குக் கொடுத்தது?

அகராதியை நம்பி எழுதும் மாணவன் பனியிலும் நோயிலும் ஒரு குற்றவாளியைத் தேடிக்கொண்டிருப்பான். ஆங்கிலத்திலேயே வளர்ந்தவனுக்கு அபாயம் எதிர்த் திசையில்: துரோகத்தையும் வானிலையைப் போல ஏற்றுக்கொண்டுவிடலாம். ஆபத்துக்கு ஆள் வேண்டியதில்லை, துரோகத்துக்கு வேண்டும். இந்த வித்தியாசத்தை வாக்கியத்தில் வைத்துக் காட்டாத அகராதி, அர்த்தம் சரியாக இருந்தும், மாணவனைக் கைவிட்டுவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது.