எட்டு ஓட்டில் ஒரு தலைவர்

நாமகிரிப்பேட்டை ஒரே ஊர்தான். ஆனால் இங்கே "தலைவர்" என்ற பதவிக்கு மூன்று கணக்கு இருக்கிறது. பேரூராட்சி எல்லையைத் தாண்டி ஒரு கிராம ஊராட்சிக்குள் போனால், அங்கே தலைவருக்கு மக்களே ஓட்டுப் போடுகிறார்கள். எல்லைக்குள் இருப்பவர் வார்டு உறுப்பினருக்கு மட்டும்தான் போட முடியும். தலைவரை உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். இதே ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊராட்சி ஒன்றியத்துக்கும் மறைமுகத் தேர்தல்தான்.

ஒன்றியத் தலைவர் விஷயத்தில் மாநில அரசால் ஒன்றும் செய்ய முடியாது. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243சி பிரிவே சொல்லிவிட்டது. நகர அமைப்புகளுக்கு அப்படி இல்லை. 243ஆர் பிரிவு அந்த முடிவைச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டது. சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்.

வரிசையாகப் பாருங்கள். 1996, 2001: நேரடித் தேர்தல். 2006: மறைமுகம். 2011: மறுபடி நேரடி. 2016-ல் மேயருக்கு மறைமுகம் என்று சட்டம் வந்தது. 2018-ல் நேரடி என்று மாற்றினார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். கடைசி மூன்றும் ஒரே கட்சியின் ஆட்சியில் நடந்தவை. 2019-ல் அதைக் கண்டித்த தி.மு.க., ஆட்சிக்கு வந்தபின் 2022 தேர்தலை அதே முறையில்தான் நடத்தியது. கொள்கை மாறியது மாதிரி எனக்குத் தெரியவில்லை. அந்தந்த நேரத்தில் யாருக்கு எது வசதி என்பதுதான் மாறியிருக்கிறது.

மறைமுகத் தேர்தலுக்குச் சொல்லப்படும் வாதம் நியாயமானது. தலைவர் ஒரு கட்சி, பெரும்பான்மை உறுப்பினர்கள் வேறு கட்சி என்றால் தீர்மானம் எதுவும் நிறைவேறாது, வேலை நின்றுபோகும். சரி. ஆனால் மறைமுகத் தேர்தல் வந்தபின் இந்தச் சண்டை தீர்ந்ததா?

2022 மார்ச் 4 அன்று, கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய பதவிகளைப் பல இடங்களில் தி.மு.க.வினரே பிடித்துக்கொண்டார்கள். அவர்களைப் பதவி விலகச் சொல்லி முதல்வர் ஸ்டாலினே அறிக்கை விட வேண்டியதாயிற்று. 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் விலகினார்கள். அடுத்த மாதம் நெல்லையில் நடந்த மேயர் தேர்தலில் கட்சி நிறுத்திய வேட்பாளருக்கு 30 ஓட்டு. அதே கட்சியிலிருந்து எதிர்த்து நின்றவருக்கு 23! சண்டை போகவில்லை, கட்சிக்குள்ளேயே குடியேறிவிட்டது.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். ஒரு அமைப்பு எவ்வளவு பாதுகாப்பானது என்று பார்க்க நாங்கள் கேட்கும் முதல் கேள்வி: இதைக் கவிழ்க்க எத்தனை பேரை வளைத்தால் போதும்? 15 வார்டு உள்ள பேரூராட்சியில் 8 பேர் போதும். ஓட்டோ ரகசியம். கட்சித்தாவல் தடைச் சட்டமோ எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான், கவுன்சிலருக்குக் கிடையாது. (கேரளம் உள்ளாட்சிகளுக்கென்றே 1999-ல் தனிச்சட்டம் போட்டது.) எம்.எல்.ஏ.க்களையே கூவத்தூரில் கொண்டுபோய் வைத்திருந்ததைப் பார்த்த நமக்கு, எட்டுக் கவுன்சிலர் எந்த மூலை?

"குடியரசுத் தலைவரே மறைமுகமாகத்தானே தேர்ந்தெடுக்கப்படுகிறார்?" என்று கேட்கலாம். அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா அவருக்கும் நேரடித் தேர்தல் கேட்டார், சபை ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நிஜ அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கிறது. வாக்காளர்களும் எட்டுப் பத்துப் பேர் இல்லை. 2022-ல் 4,809 பேர். அதிகாரம் குறைவு, வாக்காளர் அதிகம். பேரூராட்சியில் இரண்டுமே தலைகீழ்: சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு என்று தினசரிப் பிழைப்பைத் தொடும் பதவியை ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் ஆட்கள் முடிவு செய்கிறார்கள்.

ஆகவே மறைமுகத் தேர்தல் எல்லா இடத்திலும் ஒழிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேரூராட்சியிலும் நகராட்சியிலும் மேயர் பதவியிலும் ஒழிய வேண்டும். அதைவிட முக்கியமாக, தேர்தல் முறையை மாற்றும் எந்தச் சட்டமும் அடுத்த தேர்தலுக்குப் பொருந்தக் கூடாது. அதற்கும் அடுத்த தேர்தலிலிருந்துதான் அமலுக்கு வர வேண்டும். யாருக்கு லாபம் என்று இன்றைக்கே கணக்குப் போட முடியாவிட்டால், பாதி அவசரச் சட்டங்கள் பிறக்கவே பிறக்காது.

2022-ல் வந்தவர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை, வார்டுக்கு ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் முதலில் கேளுங்கள்.