தாகூரின் ‘சாஸ்தி’: கொலையும் கொலையாகாத மரணமும்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவு, மெக்காலே தலைமையிலான குழுவினரால் நாம் வாழும் இக்கல்கத்தா மாநகரில் உருவாகி 1837-இல் நிறைவுற்றது. 1862-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், உயிரைப் போக்கும் குற்றத்தைத் தரம் பிரித்தது. கடுமையும் திடீர்த்தன்மையும் உடைய சினமூட்டலால் தன்னடக்கம் இழந்தோ, தற்காப்புரிமையின் எல்லையை நல்லெண்ணத்தோடு கடந்தோ ஒருவர் கொன்றுவிடின், அது கொலைக்குற்றம் ஆகாது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகும். முன்னதற்குத் தூக்குண்டு, பின்னதற்கு இல்லை. 2024-இல் அதன் இடத்திற்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இப்பாகுபாட்டைக் காத்துள்ளது.

இம்மெல்லிய கோட்டின்மேல் எழுந்த கதையே இரவீந்திரநாத தாகூர் 1893-இல் எழுதிய ‘சாஸ்தி’ (தண்டனை). பகலெல்லாம் சமீந்தார் கச்சேரியில் கட்டாய வேலை செய்து, பசியோடு வீடு திரும்புகிறான் துக்கிராம். சோறு கேட்டவனுக்கு மனைவி ராதா சுடுசொல் வீசுகிறாள். அவன் அரிவாளால் வெட்டிவிடுகிறான். அண்ணனைக் காக்க விழைந்த தம்பி சிதாம், பழியைத் தன் மனைவி சந்தராவின்மேல் சுமத்துகிறான். ராதா தாக்க வந்தாள், தடுக்கையில் வெட்டு விழுந்துவிட்டது என்று சொல்லுமாறு அவளுக்குக் கற்பிக்கிறான்.

சந்தரா பழியை ஏற்கிறாள். கற்பித்த சமாதானத்தை ஏற்கவில்லை. ராதா முதலில் தாக்கினாளா, கொடுமை செய்தாளா என்ற வினாக்களுக்கெல்லாம் இல்லை என்கிறாள். இதனைப் பேதைமை என்றோ பிடிவாதம் என்றோ கொள்வது பொருந்தாது. தூக்கு மரத்தினின்று இறங்கும் படிகள் ஒவ்வொன்றையும் அவள் தன் கையாலேயே தகர்க்கிறாள். மனைவியை ஈடாக வைத்த கணவனோடு இனி வாழ்வதில்லை என்னும் முடிவுக்கு, அவள் வாய் திறந்து சொல்லாத காரணம் அதுவே. பின்னர் சகோதரர் இருவரும் குற்றத்தைத் தாமே ஏற்க முன்வந்தும், அவளைக் காக்கவே அவ்வாறு கூறுகின்றனர் என மன்றம் கருதிவிடுகிறது.

நம் சிலம்பின் பாண்டியன் இங்கு நினைவிற்கு வருகிறான். பொற்கொல்லன் சொல்லை நம்பியதை அவன் தன் பிழைக்குச் சாக்காக்கவில்லை. அதனையே தன் குற்றமாகக் கொண்டு அரியணையில் உயிர் நீத்தான். குறைந்த குற்றத்தை அவனும் நாடவில்லை. ஆயினும் அவன் சொன்னது மெய்; அவள் சொன்னது பொய். அவன் தனக்குத் தானே நீதி வழங்கினான். அவளோ நீதியையே தன் சாவுக்குக் கருவியாக்கினாள்.

சட்டம் குற்றவாளியின் மனத்தை அளந்து தரம் பிரிக்கிறது. அது போற்றத்தக்க அறமே. ஆனால், மனத்தை அளக்க அதற்குள்ள கருவிகளுள் வாய்மொழியும் ஒன்று. பசியும் திடீர்ச் சினமும் உண்மையில் யாரை உந்தினவோ, அந்தத் துக்கிராமின் மனம் மன்றத்தில் அளக்கப்படவேயில்லை. கொல்லாதவளோ கொலைக்குற்றவாளியாகத் தூக்கேறினாள். சட்டத்தின் கோட்டைத் தாகூர் பழிக்கவில்லை; அக்கோடு எட்டாத ஓர் உள்ளத்தைக் காட்டி நிறுத்துகிறார். கதையின் பெருமை அதுவேயாம்.