பீச் பழத்துக்கு ஊர் உண்டு

அமெரிக்காவின் பல்கலைக்கழக நகரங்களில் சனி, ஞாயிறு காலைகளில் சில கபேக்களுக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். காலைச் சாப்பாடாகவும் இல்லாமல் மதியச் சாப்பாடாகவும் இல்லாமல் இடையில் உண்ணப்படும் 'பிரஞ்ச்'சுக்கான வரிசை அது. முட்டையிட்ட கோழி எந்தப் பண்ணையில் மேய்ந்தது, கீரை எந்தத் தோட்டத்தில் பிடுங்கப்பட்டது என்றெல்லாம் அங்கே மெனுவில் அச்சிட்டிருப்பார்கள். இந்த மெனுவையும் ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கலாம் என்று நினைக்கிறோம். ஒரு பிரதி எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் விமர்சனத்துக்கு உரியதுதானே.

இந்த மெனுவின் ஊற்றைத் தேடினால் கலிபோர்னியாவின் பேர்க்லிக்குப் போகவேண்டும். அங்கே பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, ஷட்டக் வீதியில், 1971 ஓகஸ்ட் 28இல் அலிஸ் வோட்டர்ஸ் 'ஷே பனீஸ்' என்னும் உணவகத்தைத் தொடங்கினார். 1964இல் பேச்சுச் சுதந்திர இயக்கம் கிளர்ந்த அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். முதல்நாள் சாப்பாட்டின் விலை 3 டொலர் 95 சதம். 1980இல் மேல்மாடியில் கபே வந்தது. 1984இல் காலைச் சாப்பாட்டுக்கென்று, தன் மகளின் பெயரில், சான் பாப்லோ வீதியில் 'கபே ஃபானி'யைத் திறந்தார். பால் கோப்பியைக் கிண்ணத்தில் கொடுத்த அந்தச் சின்னக் கடை 2012இல் மூடப்பட்டது. ஆனால் அதன் சாயலில் பிறந்த கடைகள் இன்று எங்கும் உள்ளன.

இதையெல்லாம் பணக்காரரின் பகட்டு என்று தள்ளிவிடுவது சுலபம். அது நியாயமாகாது. பேரங்காடிகளின் பிடியில் திணறிய சின்ன விவசாயிக்கு இந்த உணவகம் நேரடியாகக் காசு கொடுத்தது. ஒரு நல்ல பீச் பழத்தை வெட்டாமல், சோடிக்காமல், தட்டில் தனியே வைத்து, இதுதான் இனிப்பு என்று சொல்லும் துணிவு அதற்கு இருந்தது. பழத்துக்கு ஓர் ஊரும் தோட்டக்காரருக்கு ஒரு பெயரும் உண்டு என்பதைச் சாப்பிடுபவருக்கு நினைவூட்டியது. இது சின்னக் காரியமல்ல.

ஆனால் பெயர் தோட்டக்காரரோடு நின்றுவிடுகிறது. பழத்தைப் பிடுங்கியவர் யார்? கலிபோர்னியாவின் வயல்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்கள். பலரிடம் வதிவிடப் பத்திரம் கிடையாது. 'ஓர்கானிக்' என்ற சொல்லுக்கு அமெரிக்கா 1990இல் சட்டம் இயற்றியது. அதன் விதிகள் 2002 ஒக்ரோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. தடைசெய்யப்பட்ட பசளையோ கிருமிநாசினியோ மூன்று வருடம் படாத நிலமாக இருக்கவேண்டும் என்று அவை சொல்கின்றன. அந்த நிலத்தில் குனிந்து நிற்பவரின் கூலி பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

இன்னுமொன்று. தொழிலாளியின் முதுகை முறித்த குட்டைப்பிடி மண்வெட்டியைக் கலிபோர்னியா 1975இல் தடைசெய்தது. அதன்பிறகு பல தோட்டங்களில் வெறுங்கையால் களை பிடுங்க வைத்தார்கள். 2004இல் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஆனால் ஓர்கானிக் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தார்கள். களைநாசினி தெளிக்காத நிலத்தில் களையைக் கைதான் பிடுங்கவேண்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். மண்ணை நோகாமல் காப்பாற்றுகிற தோட்டத்தில் முதுகு நோகலாம் என்றாகிவிட்டது.

சமையலறைக்கு வருவோம். ஷே பனீஸ் பில்லில் 17 வீத சேவைக் கட்டணத்தைச் சேர்ப்பது பல வருட வழக்கம். மேசைக்காரனின் கூலியை வாடிக்கையாளரின் மனநிலைக்கு விட்டுவிடாத நல்ல வழக்கம் அது. அதே வீதியில், எதிர்ப்பக்கம், 1967இல் தொடங்கிய 'சீஸ் போர்ட்' இன்னும் ஒரு படி மேலே போனது. 1971இல் அதன் உரிமையாளர்கள் கடையைத் தொழிலாளர்களுக்கே கொடுத்தார்கள். அங்கே பாண் சுடுபவருக்கும் காசு வாங்குபவருக்கும் ஒரே சம்பளம். ஆக, வேறு விதமாகச் செய்யமுடியாது என்று யாரும் சொல்வதற்கில்லை. வீதியைக் கடந்தால் போதும்.

இதை வெள்ளையரின் குறையாக எழுதி முடித்துவிட எம்மில் பலருக்கு ஆசையாக இருக்கும். அதே ஷட்டக் வீதியில் தெற்கே இறங்கினால், 'மட்ராஸ்' பெயரைப் பலகையில் தாங்கி 'பசந்த்' என்றொரு தோசைக் கடை இருந்தது. அதன் முதலாளி லக்கிரெட்டி பாலி ரெட்டி. அவருக்குச் சொந்தமான தொடர்மாடி ஒன்றில் 1999 நவம்பரில் நச்சுவாயு கசிந்து ஓர் இளம்பெண் இறந்தாள். ஆந்திராவின் வெல்வடம் கிராமத்துப் பக்கமிருந்து ஏழைகளையும் சிறுமிகளையும் பொய் விசாக்களில் அவர் கொண்டுவந்தது அதன்பின் வெளிச்சத்துக்கு வந்தது. மலிந்த கூலிக்கு ஆட்கள் வேலை வாங்கப்படுவதை முதலில் எழுதியவர்களில் பேர்க்லி உயர்பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். 2001இல் ரெட்டிக்கு எட்டு வருடச் சிறை கிடைத்தது. அந்தத் தோசையை ருசித்துச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்டிருப்போம்?

எமது கூட்டங்களில் அடிக்கடி ஒரு பெருமைப் பேச்சு வரும்: 'எங்கட ஊரில அப்பு காலத்தில எல்லாமே ஓர்கானிக்தானே.' உண்மைதான். மாட்டெருவும் குழையும் போட்டுத்தான் விளைந்தது. அந்த எருவைக் கடகத்தில் சுமந்தவர் யார்? அவருக்கு எந்தத் தேநீர்க் கடையில் எந்தக் குவளை வைக்கப்பட்டது? 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்களும், பிறகு சங்கானையிலும் நெல்லியடியிலும் தேநீர்க் கடைகளுக்குள் போக அடிபட்டவர்களும் கேட்டது இதைத்தான். கடைக்குள் கதிரையில் இருந்து, எல்லோரும் குடிக்கும் கிளாசில் தேநீர் குடிப்பதற்கு அந்த மண்ணில் இரத்தம் சிந்தவேண்டியிருந்தது.

எமது புலம்பெயர் கதைகளையும் இந்த இடத்திலிருந்து திருப்பி வாசிக்கவேண்டியிருக்கிறது. கோப்பை கழுவுதல் அவற்றில் பெரும்பாலும் அவமானத்தின் அடையாளமாகவே வருகிறது. 'நானா இப்படி' என்ற விம்மல் அதில் கேட்கும். அந்த விம்மல் ஊரில் தன் கோப்பையைத் தானே கழுவியறியாதவருடைய விம்மல். ஊரிலேயே பிறருடைய கோப்பையைக் கழுவியவர்கள் அந்தக் கதைகளில் பாத்திரமாகக்கூட அதிகம் வருவதில்லை. கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்ற நாமும் பக்கத்தில் நின்ற மெக்சிக்கோக்காரரின் கதையை எழுதவில்லை.

பேர்க்லியின் மெனு பழத்துக்கு ஊரைக் கொடுத்தது. பிடுங்கியவருக்கும் கழுவியவருக்கும் பெயரைக் கொடுக்கும் வேலை மிச்சமிருக்கிறது. அதை உணவகங்கள் செய்யுமோ தெரியாது. எழுதுகிறவர்களான நாம் செய்யாமலிருக்க நியாயமில்லை.