நியாயத்தை நிறுப்பவர் யார்?

'நியாயமான யுத்தம்' பற்றி நான் பல வருடங்கள் விரிவுரை செய்திருக்கிறேன். தோமஸ் அக்குவைனஸ் 13ஆம் நூற்றாண்டில் வகுத்த நிபந்தனைகள் மூன்று: யுத்தத்தைப் பிரகடனம் செய்பவருக்கு அதிகாரம் இருக்கவேண்டும், காரணம் நியாயமாயிருக்கவேண்டும், நோக்கம் நேர்மையாயிருக்கவேண்டும். மாணவர்கள் மனனம் செய்து எழுதினார்கள். நானும் புள்ளி போட்டேன். இவை நிறைவேறினவா என்று தீர்மானிப்பவர் யார் என்று ஒரு பரீட்சைத்தாளிலும் நான் கேட்டதில்லை. இப்போது தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போதுதான் அக்கேள்வி குடைகின்றது.

1539இல் சலமன்காவில் பிரான்சிஸ்கோ டி விற்றோரியா இதற்கு இரண்டு பதில்கள் சொன்னார். யுத்தம் அநீதியானது என்று குடிமகனுக்கு உறுதியாகத் தெரிந்தால், அரசனே கட்டளையிட்டாலும் அவன் போகக்கூடாது. துணிச்சலான வாக்கியம். ஆனால் அதே உரையில், அரசசபையில் இடமில்லாத சாதாரண மக்களுக்குக் காரணங்களை ஆராயும் கடமையில்லை, மேலோரை நம்பிப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். முதலாவதைப் புத்தகத்தில் வைத்துவிட்டு இரண்டாவதையே திருச்சபை நடைமுறையில் கைக்கொண்டது என்பது என் குற்றச்சாட்டு.

ஒஸ்ரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்ரெற்றர் பல்கலைக்கழகம் கண்டவரல்ல. ஹிட்லரின் யுத்தம் அநீதியானது என்று தானே சிந்தித்து முடிவுசெய்தார். லின்ஸ் ஆயரிடம் போய்க் கேட்டார். ஆட்சியாளரின் செயலுக்குக் குடிமகன் எவ்வளவு பொறுப்பு என்று விளக்கிய ஆயர், குடும்பத்துக்கான கடமையே பெரிது என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும். 1943 மார்ச்சில் ஆயுதம் ஏந்த மறுத்தார். மருத்துவப் பிரிவில் பணிசெய்யத் தயார் என்றதும் பயனளிக்கவில்லை. ஓகஸ்ட் 9இல் பிராண்டன்பேர்க்கில் அவரது தலை துண்டிக்கப்பட்டது.

ஒரு குடும்பஸ்தனைச் சாவிலிருந்து தடுக்க முயன்றதற்காக ஆயரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 1946இல், ஹிட்லரும் இல்லாத காலத்தில், இவரைப்பற்றிய கட்டுரையை மறைமாவட்டப் பத்திரிகையில் வெளியிட அதே ஆயர் அனுமதிக்கவில்லை. கடமையைச் செய்து களத்தில் இறந்த கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவரது வாதம். இதைப் பயம் என்று விளக்கமுடியாது. விற்றோரியாவின் இரண்டாவது பதில்தான் இங்கே பேசுகின்றது.

2007இல் அதே லின்ஸ் பேராலயத்தில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். நல்லது. ஆனால் 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2309ஆம் பந்தியைப் பாருங்கள். நிபந்தனைகள் கடுமையாக இருக்கின்றன. அவற்றை மதிப்பிடும் பொறுப்போ பொதுநலனைக் காப்பவர்களிடம், அதாவது யுத்தத்தை நடத்துகின்றவர்களிடமே! 2020இல் பாப்பரசர் பிரான்சிஸ் தமது சுற்றுமடலில், இக்காலத்தில் நியாயமான யுத்தம் பற்றிப் பேசுவதே மிகக் கடினம் என்றார். அகுஸ்தினார் உருவாக்கிய அக்கருத்தை இன்று நாம் ஏற்பதில்லை என்பது அடிக்குறிப்பில் கிடக்கின்றது. மரணதண்டனை பற்றிய 2267ஆம் பந்தியை 2018இல் திருத்துவித்தவர் அவரே. 2309இல் அவர் கைவைக்கவில்லை.

நம்மிற் சிலர் நிபந்தனைகளை மேலும் கூட்டுவதில் ஆர்வமாயிருக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறையில்லை. இன்று பரீட்சைத்தாள் தயாரிக்கச் சொன்னால் ஒரே கேள்விதான் வைப்பேன்: ஆயரின் கதிரையில் நீர் இருந்தால் அந்த விவசாயிக்கு என்ன சொல்லியிருப்பீர்? நானே விடை எழுதிப் பார்த்தேன். மூன்று பிள்ளைகள் என்ற இடத்தில் பேனை நின்றுவிடுகின்றது.