ஐந்து எக்ஸ்போர்ட், ஒரே பூட்டு: தாம்பரத்தில் கியூஜிஐஎஸ்

2021 நவம்பரில் மாநகராட்சியான தாம்பரத்தில் ஐந்து மண்டலங்கள், 70 வார்டுகள். இங்குள்ள செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகும். போகும் வழியில் எந்தத் தெரு தாழ்வு என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் மழைக்கு முன்பே வார்டுக்கு ஒரு வரைபடம் எடுக்க நண்பர்களோடு உட்கார்ந்தேன்.

கருவி கியூஜிஐஎஸ், 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய இலவச வரைபட மென்பொருள். அதிலுள்ள ‘அட்லஸ்’ வசதியில் ஒரு பக்கத்தை வடிவமைத்தால் போதும், மீதி வார்டுகளுக்கு அதுவே பிடிஎஃப் எடுத்துவிடும். நேரம் மிச்சமாகுமே என்று மண்டலத்துக்கு ஒன்றாக ஐந்து எக்ஸ்போர்ட்டையும் சேர்த்து ஓட்டினோம். ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று நின்றுவிட்டது.

தவறு எங்களுடையது. எங்கள் தரவு முழுவதும் ஒரே ஜியோபேக்கேஜ் கோப்பில் இருந்தது. அதன் உள்ளே இருப்பது எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம். அதில் எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம்; ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். 2010இல் வந்த ‘வால்’ (WAL) முறையில் ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கவும் முடியும். பிடிஎஃப் எடுப்பது வெறும் படிப்பு, அதனால் பூட்டு விழாது. நாங்களோ ஏரிக்கரையை ஒட்டிய தெருக்களைக் கணக்கிட்டு, விடையை அதே கோப்பில் ஐந்து பக்கமிருந்தும் எழுதவிட்டிருந்தோம்.

மாற்றியது இவ்வளவுதான்: ஏரி, வார்டு, தெரு உள்ள மூலக்கோப்பை யாரும் தொடக்கூடாது, படிக்க மட்டும். மண்டலத்தின் விடை அந்தந்த மண்டலத்தின் தனிக் கோப்பில். புராஜெக்ட் கோப்பும் ஐந்து பிரதி. பிறகு ஐந்தும் ஒன்றாக ஓடி முடிந்தன.

இரண்டு எச்சரிக்கைகள். மூலக்கோப்பை அலுவலகப் பொது ஃபோல்டரில் வைத்து, பல கணினிகளிலிருந்து திறக்காதீர்கள். ‘வால்’ முறைக்கு எல்லா வேலையும் ஒரே கணினியில் நடக்க வேண்டும். நெட்வொர்க் தாண்டி அது வேலை செய்யாது. அடுத்தது இன்னும் ஆபத்து. கியூஜிஐஎஸ் திறந்திருக்கும்போது பக்கத்தில் ‘-வால்’ (-wal) என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று தோன்றும். கடைசியாகச் செய்த திருத்தங்கள் அதில்தான் இருக்கக்கூடும். அதை விட்டுவிட்டு ஜியோபேக்கேஜை மட்டும் பென்டிரைவில் ஏற்றினால் அந்தத் திருத்தங்கள் வந்து சேராது. மென்பொருளை மூடி, அந்தக் கோப்பு மறைந்த பிறகே பிரதி எடுங்கள்.

ஒருவர் திருத்தி, பலர் வரைபடம் எடுக்கும் குடியிருப்போர் சங்கத்துக்குக் கியூஜிஐஎஸ்ஸும் ஜியோபேக்கேஜும் தாராளமாகப் போதும். பலர் ஒரே நேரத்தில் திருத்தும் அலுவலகமாக இருந்தால், முதல் நாளே, பலர் சேர்ந்து எழுதக்கூடிய தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்குப் போய்விடுங்கள்.