மஃரிபுக்குப் பிறகு இருபது நிமிடம்

எங்கள் கரையில் வருடத்துக்கு இரண்டு தடவை எல்லாரும் வான் பார்ப்பவர்கள்: நோன்புக்கு ஒரு தடவை, பெருநாளுக்கு ஒரு தடவை. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மொட்டைமாடிகளில் சனம் நிறைந்திருக்கும். கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பு வானொலியில் வந்ததும் கண்ணுக்கு வேலை முடிந்துவிடும். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் ஜமாதுல் ஆகிர் தலைப்பிறையோடு கொடியேறுகிறதே, அதற்குக்கூட அநேகம் பேர் கலண்டரைத்தான் பார்க்கிறார்கள். மீதி மாதங்களின் தலைப்பிறையைத் தேட ஆளில்லை. எனக்கு அந்த மாதங்களில்தான் ருசி.

கடற்கரை ஊர் என்றாலும் தலைப்பிறைக்காகக் கடற்கரைக்குப் போய்ப் பயனில்லை. எங்கள் கடல் கிழக்கே கிடக்கிறது, பிறையோ மேற்கில். பிரதான வீதியைத் தாண்டி வயல்பக்கம் போக வேண்டும். வெள்ளாமை வெட்டிய காலமென்றால் இன்னும் நல்லது. தென்னையும் மதிலும் மறைக்காத அடிவானம் அங்கேதான் கிடைக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரி. அந்த மாதங்களில் கிடைத்தால் கிடைத்ததுதான். கச்சான் வீசும் காலத்திலும் அந்தியில் மலைப்பக்கம் மேகம் கட்டி விளையாட்டுக் காட்டும்.

இது அவசரக்காரருக்கு உரிய கலை இல்லை. சூரியன் விழுந்த கையோடு பார்த்தால், பிறை இருந்தும் தெரியாது. அந்தி வெளிச்சம் அதை விழுங்கியிருக்கும். இருட்டட்டும் என்று நின்றால் பிறை இறங்கி அடிவானத்துப் புழுதிக்குள் போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் உண்டு. பிரித்தானிய வானியலாளர் பெர்னார்ட் யாலொப் 1997இல் அதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: சூரியன் மறைவதற்கும் பிறை மறைவதற்கும் இடைப்பட்ட நேரத்தை ஒன்பது பங்காக்கு, நாலு பங்கு கழிந்ததும் பார். இடைவெளி 45 நிமிடமென்றால் இருபதாவது நிமிடம். மஃரிப் தொழுது, சுன்னத்தும் முடித்து, வயலோரம் வந்து நிற்க அளவான நேரம். பைனாகுலர் இருந்தால் சூரியன் முழுதாக மறைந்த பிறகே எடுங்கள். இருந்தாலும் வெறுங்கண்ணில் அந்த இழை சட்டென்று அகப்படும் கணத்துக்கு ஈடாக எந்தக் கண்ணாடியும் எனக்கு எதையும் தந்ததில்லை.

நாம் பூமத்தியரேகையிலிருந்து ஏழு பாகை சொச்சம்தான் வடக்கே இருக்கிறோம். பிறை பார்ப்பவருக்கு இது பெரும் கொடை. செப்டெம்பரில் லண்டன்காரருக்குப் பிறை அடிவானத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் சரியும். நமக்கு உயரே நின்று இறங்கும். மார்ச் மாதத்தில் அது பெரும்பாலும் தோணிபோல் மல்லாந்து கிடக்கும். செப்டெம்பரில் கொம்புகள் இடப்பக்கம், அதாவது தெற்கே, சாயும். சூரியன் எந்தப் பக்கம் இறங்கியதோ அந்தப் பக்கத்து விளிம்பில்தானே ஒளி! கொடிகளில் பக்கவாட்டாக நிமிர்ந்து நிற்கிற தலைப்பிறை எங்கள் மேற்கு வானத்துக்கு வருவதில்லை.

இரண்டாம் பிறையை 'பழசு' என்று விட்டுவிடுகிறோம். நட்டம் நமக்குத்தான். அன்றைக்குப் பிறையின் மடியில் மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பிய வெயில் அது என்று 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியனார்டோ டா வின்சி எழுதிவைத்தார். நமக்கு மஃரிப் ஆகும்போது ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் நடுப்பகல். அந்த நேரம் சந்திரனை நோக்கியிருப்பதும் ஆபிரிக்காவும் அதன் இரு பக்கக் கடல்களும்தான். அங்கத்திய மேகத்தின் பகல் வெளிச்சம் சந்திரனுக்குப் போய், எங்கள் வயலுக்கு மேலே வந்து சேர்கிறது. இதை விட்டுவிட்டு இரண்டாம் பிறையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை என்ன சொல்வது?

கணிப்பா கண்ணா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. அது உலமாக்கள் பாடு. ரசிகனுக்குக் கணக்கு கண்ணைக் கூர்மையாக்கும், அவ்வளவுதான். சூரியனுக்கு 7 பாகைக்குள் சந்திரன் நின்றால் பிறையே தோன்றாது என்று 1930களில் பிரெஞ்சு வானியலாளர் அந்திரே தான்ஜோன் சொன்னார். நீட்டிய கையின் முட்டியளவு கிட்டத்தட்ட 10 பாகை; அதற்கும் குறைவு.

இதை வைத்துக் காலையிலும் ஒரு வேலை செய்யலாம். மாதக் கடைசியில் சுபஹ் தொழுதுவிட்டு, இந்தத் தடவை கடற்கரைக்கே போங்கள். கரைவலைக்காரர் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள். கடலுக்கு மேலே, சூரியனுக்குச் சற்று முன்னால், தேய்ந்த பிறை எழும்பும். மறைக்க மரமில்லை, மதிலில்லை. என் கண்ணுக்கு மாலைப் பிறையைவிட இதுதான் அழகு. அதைக் கண்டவர் அன்று மாலை வயல்பக்கம் போகத் தேவையில்லை. சூரியனுக்கு இந்தப் பக்கம் 7, அந்தப் பக்கம் 7 என்று 14 பாகை கடக்கச் சந்திரனுக்கு ஒரு நாளுக்கு மேல் வேண்டும்.

அப்படியான மாலையில் யாராவது பிறை கண்டதாகச் சொன்னால் நான் வாதாடுவதில்லை. கொம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று மட்டும் கேட்பேன்.